உடம்படுமெய்

"கணிப்பொறி படித்தவன் தமிழ் படிக்க வந்தது ஏன்?" விடுதிக்கு வந்த முதல் நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. உணவுக் கூடத்திலே கேட்டார்கள். நூலகப் படிக்கட்டிலே கேட்டார்கள். பேராசிரியர் ஒருவர் நேர்முகத்திலேயே கேட்டுவிட்டார். "விருப்பம், ஐயா" என்று சொல்லி அன்று தப்பினேன். ஆனால் உண்மையான விடை அவ்வளவு சுருக்கமானதன்று. அதில் என் தவறு ஒன்றும், ஓர் அம்மையாரின் கேள்வி ஒன்றும், நன்னூலின் நூற்பா ஒன்றும் கலந்து கிடக்கின்றன. மலர்க் குழுவினர் "ஏதேனும் எழுதிக் கொடு" என்று வற்புறுத்தியபோது, அதையே எழுதிவிடுவதென்று துணிந்தேன். நண்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

நூற்பாவிலிருந்தே தொடங்குகிறேன். உயிரெழுத்தில் முடியும் சொல்லும், உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லும் நேருக்கு நேர் சந்தித்தால் இரண்டும் ஒட்டுவதில்லை. மணி என்பதும் அடித்தது என்பதும் தனித்தனியே நிற்கும். நடுவிலே யகரம் ஒன்று வந்து நின்றால், 'மணியடித்தது' என்று நாவில் வழுக்கிக்கொண்டு போகிறது. நிலாவும் ஒளியும் சேர வேண்டுமானால் வகரம் வரவேண்டும், 'நிலாவொளி' ஆகிறது. எந்த எழுத்து வரும் என்பதும் நம் விருப்பமன்று. முன்னே நிற்கும் சொல்லின் ஈறு இ, ஈ, ஐ ஆனால் யகரம். மற்ற உயிர்கள் ஆனால் வகரம். ஏகாரமானால் இரண்டும் வரலாம். இந்த யகர வகரங்களுக்கு உடம்படுமெய் என்று பெயர். உடம்படுத்தல் என்றால் இசைவித்தல். அவற்றுக்கென்று தனிப் பொருள் இல்லை. மணியின் பொருளையும் அவை கூட்டுவதில்லை. அடித்தலின் பொருளையும் குறைப்பதில்லை. இசைவித்துவிட்டுச் சும்மா நிற்கின்றன.

வகுப்பிலே இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன சிரிப்பு?" என்றார் ஆசிரியர். "ஐயா, இரண்டாண்டுக் காலம் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை இதுதான்" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு ஆம்பூர் நினைவு வந்துவிட்டது.

என் வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ கணிப்பொறி ஒன்றா இருக்கிறது? ஆட்கள் பட்டியலுக்கு ஒரு மென்பொருள், கணக்குக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று. வாங்கிய ஆண்டு வேறு. விற்ற நிறுவனம் வேறு. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. இவற்றுக்கு நடுவே அமர்ந்து, ஒன்றிடம் செய்தி வாங்கி மற்றொன்றிடம் சேர்ப்பிக்கும் மென்பொருளுக்கு ஒருங்கிணைப்புச் சேவையகம் என்று பெயர். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் முதலில் வெளியிட்ட 'பிஸ்டாக்' இவ்வகையில் பெயர் பெற்ற ஒன்று. இதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பே கடைசிப் பதிப்பு என்று அந் நிறுவனமே அறிவித்துவிட்டது. ஆனாலும் பல அலுவலகங்களின் பின்கட்டில் அது இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

நடுவில் அமர்ந்தவருக்கு எல்லா மொழியும் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அதற்காகத்தான் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஓர் 'அடாப்டர்' வைத்திருக்கிறார்கள். 'சாப்' என்ற கணக்கு மென்பொருளுக்கு ஒன்று; ஆரக்கிள் தரவுத்தளத்துக்கு ஒன்று; எஸ்.க்யூ.எல். சர்வருக்கு ஒன்று. அடாப்டர் என்றவுடன் கைப்பேசிக்கு மின்னேற்றும் சிறு பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டா. இது கண்ணுக்குத் தெரியாத பொருத்தி. 'தகவி' என்று தமிழில் சொல்வோரும் உண்டு. முன்னே நிற்பது எதுவோ அதற்கேற்ப யகரமோ வகரமோ வருகிறதே, அதுபோலத்தான்.

இது ஏதோ அயல்நாட்டுக் கம்பெனிகளின் விவகாரம், நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். நாம் படிக்கும் இந்தச் சித்தூர் மாவட்டமே இதற்கொரு நல்ல சான்று. 1998இல் ஆந்திரப் பத்திரப் பதிவுத் துறை 'கார்டு' என்ற திட்டத்தால் கணிப்பொறிக்கு மாறியது. 2001இல் ஐதராபாத்தில் 'ஈசேவா' நிலையங்கள் திறந்தன. 2002இல் ஹியூலெட்-பாக்கார்டு நிறுவனம் நம் குப்பத்தையே தேர்ந்தெடுத்து, மாநில அரசுடன் சேர்ந்து 'ஐ-கம்யூனிட்டி' என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஊர்ப்புறங்களில் தகவல் நிலையங்களை அமைத்தது. கணிப்பொறிகள் வந்துவிட்டன. ஆனால் நிலத்தின் கணக்கு ஒரு துறையில், பத்திரம் மற்றொரு துறையில், விண்ணப்பம் வாங்குபவர் மூன்றாவது இடத்தில். ஒவ்வொன்றும் தனித் தீவு.

2011ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் 'மீசேவா' என்ற திட்டம் தொடங்கியது. அது முதலில் தொடங்கிய மாவட்டம் நம் சித்தூர்தான். மீசேவா என்ற தெலுங்குப் பெயருக்கு 'உங்கள் சேவை' என்று பொருள். வருவாய்த் துறை, பதிவுத் துறை ஆகியவற்றின் பத்துச் சேவைகளோடு அது தொடங்கியது. மாநிலத் தரவு மையம், மாநிலம் முழுதும் செல்லும் இணைப்பு வலை, ஊர்தோறும் இருந்த பொதுச் சேவை மையங்கள் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பிணைத்தார்கள். அதிகாரியின் மின்னொப்பம் இட்ட சான்றிதழ் ஊர்ப்பக்கத்துக் கடையிலேயே கைக்கு வந்தது. இந்திய அளவில் சி-டாக் நிறுவனம் அமைத்த தேசிய மின்னாளுகைச் சேவை வாயிலும் இதே கருத்துத்தான்: துறைகள் தங்கள் கணிப்பொறிகளை மாற்ற வேண்டுவதில்லை, ஒவ்வொரு துறையின் வாசலிலும் ஓர் இணைப்பியைப் பொருத்தினால் போதும். 2025 சனவரியில் ஆந்திர அரசு 'மன மித்ர' என்று வாட்சாப் வழியாகவே சேவைகளைத் தரத் தொடங்கியது. மக்கள் வந்து நிற்கும் வாயில் புதிதாகுந்தோறும் பின்கட்டில் யாரோ ஒருவர் இரவு கண்விழித்துப் புதிய பொருத்தி ஒன்றைப் பொருத்துகிறார் என்பதை நான் அறிவேன். அவருக்கு ஒரு வாழ்த்து.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2019ஆம் ஆண்டு. சென்னையில் ஒரு சிறு நிறுவனத்தில் எனக்கு வேலை. ஆம்பூரை அடுத்த காலணித் தொழிற்சாலை ஒன்றில் பிஸ்டாக்கின் அடாப்டர்களை நிறுவ என்னை அனுப்பினார்கள். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதுவரை சம்பளச் சீட்டில் பெயரை ஆங்கிலத்தில் அச்சிட்டு வந்தார்கள். "படிக்கத் தெரிந்த எழுத்தில் அவர்கள் பெயரைப் போடுங்கள்" என்று மேலாளர் சொன்னார். நல்ல மனிதர். ஆட்கள் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றைச் சீட்டு அச்சிடும் பழைய மென்பொருளின் தரவுத்தளத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டியதுதான் என் பணி. மறுநாள் சம்பள நாள்.

அடாப்டர் நிறுவுவதில் முறை என்று ஒன்று உண்டு. அந்த இரவு அதைப் பிழையில்லாமல் செய்தேன் என்று இன்றும் சொல்வேன். முதலில் எல்லா அடாப்டர்களுக்கும் அடித்தளமாகிய 'டபிள்யூ.சி.எஃப். எல்.ஓ.பி. அடாப்டர் எஸ்.டி.கே.' என்பதை நிறுவ வேண்டும். அது இல்லாமல் மற்றது ஏறாது. பிறகு அடாப்டர் தொகுப்பின் 32 பிட் பதிப்பு. அதன் பின் 64 பிட் பதிப்பு. "கணிப்பொறி 64 பிட்தானே, 32 எதற்கு?" என்று புதியவர்கள் அதைத் தாண்டிப் போவார்கள். வேலை ஓடுவது 64இல்தான். ஆனால் அதை அமைத்துக் கொடுக்கும் மேலாண்மைக் கருவி 32 பிட்டில் ஓடுவது. ஒன்றைப் போட்டு மற்றொன்றை விட்டால், வீடு கட்டிவிட்டுச் சாவியை மறந்த கதையாகும். மூன்றும் முடிந்தபின் மேலாண்மைத் திரையைத் திறந்து அடாப்டரைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். கடைசியில் சேவையை ஒரு முறை நிறுத்தி மீண்டும் ஓட விட வேண்டும்.

எல்லாம் செய்தேன். சோதனைக்குக் 'குமார்', 'ரவி', 'டெஸ்ட்' என்று ஆங்கில எழுத்தில் மூன்று பெயர்களைத் தட்டி அனுப்பினேன். மூன்றும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. 'வெற்றி' என்று திரை சொன்னது. மணி இரண்டரை. முழுப் பட்டியலையும் ஓட விட்டேன். மீண்டும் 'வெற்றி'. விருந்தினர் அறைக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் என்னை எழுப்பியவர் காவலாளி. "சார், ஆபீஸ்ல கூப்பிடறாங்க" என்றார். போய்ப் பார்த்தேன். முந்நூறுக்கும் மேற்பட்ட சம்பளச் சீட்டுகள் அச்சாகிக் கட்டுக் கட்டாக மேசைமேல் இருந்தன. தொகை இருந்தது, பிடித்தம் இருந்தது, தேதி இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக் குறிகள். ஒருவருக்கு எட்டு, ஒருவருக்குப் பதின்மூன்று. வேறு வேறு மனிதர்கள் என்று அறிய அந்த எண்ணிக்கை ஒன்றுதான் மிச்சம்.

வாசலில் வரிசை நின்றது. சீட்டைப் பெயர் பார்த்துக் கொடுத்து, கையொப்பம் வாங்கிய பின்னரே பணம் கொடுப்பது அவர்கள் வழக்கம். எனவே பணமும் நின்றது. வரிசையின் முன்னால் நின்ற அம்மையார் ஒருவர், வயது ஐம்பது இருக்கும், சீட்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, தமிழ்ல பேரு வரும்னாங்களே, இதுல என் பேரு எது?" என்று கேட்டார். நான் விழித்தேன். "கொஞ்ச நேரம் பொறுங்கம்மா, சரி பண்ணிடறேன். பணம் எங்கேயும் போகல" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "பணம் வந்துடும் தம்பி. பேரத் தொலைச்சிட்டா யார்கிட்டப் போயிக் கேக்கறது?" என்று சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பினார்.

என்ன நடந்தது? சீட்டு அச்சிடும் தரவுத்தளத்தில் பெயருக்கென்று ஒதுக்கிய கட்டம் 'வார்ச்சார்' என்ற வகையைச் சேர்ந்தது. அது பழைய எழுத்துத் தொகுதிகளை மட்டுமே ஏற்கும். மேலைநாட்டு எழுத்துகளுக்கும், அரபிக்கும், தாய் மொழிக்கும் விண்டோசில் அத்தகைய பழைய தொகுதிகள் உண்டு. தமிழுக்கு இல்லை. தமிழ் வாழ்வது யூனிகோடில்; 1991இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே நமக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்த எழுத்தை ஏற்க 'என்வார்ச்சார்' என்ற வகை வேண்டும். இல்லாவிடில், தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறியையும் கழித்துவிட்டு, அதனிடத்தில் ஒரு கேள்விக் குறியை வைத்துவிடும். கண்ணம்மா என்ற பெயரில் கணிப்பொறி காண்பது எட்டுக் குறிகள்; எட்டும் கேள்விக் குறிகளாகிவிடும். பிழை என்று கூவவும் செய்யாது. செய்தி போய்ச் சேர்ந்ததல்லவா? அதன் கணக்கில் அது வெற்றி. அந்தக் கட்டத்தின் வகையை நான் முன்னாள் மாலையே திரையில் பார்த்திருந்தேன். பார்த்தும் கவனிக்கவில்லை. கருவியின் குற்றம் அதில் எதுவுமில்லை.

மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். கட்டத்தை 'என்வார்ச்சார்' ஆக மாற்றிப் பட்டியலை மீண்டும் ஓட விட்டேன். மீண்டும் கேள்விக் குறிகள்! கை நடுங்கியது. பிறகுதான் தெரிந்தது: கட்டத்துக்கு முன்னால், பெயரை வாங்கி உள்ளே போடும் சிறு நிரல் ஒன்று இருக்கிறது, அதன் வாயும் 'வார்ச்சார்' ஆகவே இருந்தது. கால்வாய் எவ்வளவு அகலமானாலும் மதகு ஓரிடத்தில் குறுகியிருந்தால் நீர் அவ்வளவுதானே வரும்? அதையும் மாற்றினேன். அந்த நிரலின் பழைய வடிவத்தையே அடாப்டர் நினைவில் வைத்திருந்தது. புதிய வடிவத்தை அதற்குக் கற்பித்தேன். நல்லவேளையாக ஆட்கள் பட்டியலில் மூலப் பெயர்கள் கெடாமல் இருந்தன. அதுவும் இல்லாதிருந்தால், கேள்விக் குறியிலிருந்து பெயரை மீட்க எந்த மந்திரத்தாலும் முடியாது.

மாலை நான்கரைக்குச் சீட்டுகள் மறுபடி அச்சாகி வந்தன. பெயர்களை ஒவ்வொன்றாக நானே உரக்கப் படித்துக் கொடுத்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்த அம்மையாரின் முறை வந்தது. சீட்டை வாங்கி விரலால் எழுத்துக் கூட்டிப் படித்தார். பெயரைப் படித்து முடித்து, மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பகல் வண்டியைத் தவற விட்டவர்கள் பலர். ஒரு நாளின் காத்திருப்பை நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

சென்னைக்குத் திரும்பும் வண்டியில் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே வந்தது. பொறியியல் படித்தேன், அடாப்டரின் எல்லாப் படிகளும் எனக்கு மனப்பாடம். ஆனால் தமிழ்ப் பெயரைக் கொண்டு செல்ல அனுப்பப்பட்ட தமிழனாகிய நான், சோதனைக்கு ஒரு தமிழ்ப் பெயரைக்கூடத் தட்டவில்லையே! என் அம்மாவின் பெயரைத் தட்டிப் பார்த்திருந்தால் அந்த இரவே தெரிந்திருக்குமே! இரு கரைக்கும் பாலம் போட வந்தவன் ஒரு கரையை மட்டும் அறிந்திருந்தேன். அந்த எண்ணந்தான், ஓராண்டு கழித்துக் கையில் இருந்த வேலையை விட்டு என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

இங்கு வந்து பார்த்தால், இந்த ஊரே அடாப்டர்களால் நிறைந்திருக்கிறது! ஆந்திரமும் கருநாடகமும் தமிழகமும் கூடும் மூலையில் குப்பம் இருக்கிறது. சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப் பாதையில் தமிழகத்தைத் தாண்டியதும் நம் நிலையம். நம் பல்கலைக் கழகமும், 1997இல் ஆந்திர அரசு அண்டை மாநிலங்களின் துணையோடு நிறுவிய ஓர் உடம்படுமெய்தானே!

சென்ற மாதம் பேருந்து நிலையத்தருகே தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். தெலுங்கு பேசும் தக்காளி விவசாயி ஒருவர். கன்னடம் பேசும் வியாபாரி ஒருவர். சரக்கு ஏற்ற வந்த தமிழ் ஓட்டுநர் ஒருவர். விலையிலே சிக்கல், குரல்கள் உயர்ந்தன. தேநீர்க் கடை அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். விவசாயி சொன்னதை உடனே கன்னடத்தில் சொல்லிவிடவில்லை. முதலில் அவரிடமே தெலுங்கில், சொன்ன விலை பெட்டிக்கா, கிலோவுக்கா என்று கேட்டார். பெட்டிக்கு என்றார். எந்தப் பெட்டி என்றார். இந்தப் பெட்டி என்று விவசாயி காட்டினார். வியாபாரி மனத்தில் வைத்திருந்ததோ வேறு அளவுப் பெட்டி. சண்டை அத்தோடு தீர்ந்தது. "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். "வார்த்தைய மட்டும் மாத்திச் சொன்னா ரெண்டு பேரும் 'சரி சரி'ன்னு போயிடுவாங்க. சாயந்திரம் வந்து என் கடையிலதான் சண்ட போடுவாங்க" என்றார்.

நான் முழு இரவும் தவறவிட்டதை அந்த அக்கா ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். போய்ச் சேர்ந்தது என்பதோடு நில்லாமல், என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும். தொல்காப்பியர் இதை அறிந்தவர். வடசொல்லைத் தமிழில் ஆள்வதானால், வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்திய சொல்லாக அதை ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று எச்சவியலில் விதி செய்தார். வடிவம் மாறலாம், சொல் தொலையக் கூடாது. பொருந்தாத எழுத்தை எறிந்துவிட்டு அங்கே ஒரு வெற்றுக் குறியை வைப்பதற்கு அவர் இலக்கணத்தில் இடமில்லை.

தோழர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியராகலாம், மொழிபெயர்ப்பாளராகலாம், அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் மேசைக்குப் பின்னால் அமரலாம். சிலர் என் பழைய தொழிலுக்கும் போகலாம். எங்கே போனாலும் இரண்டு பேருக்கு நடுவில்தான் நிற்கப் போகிறோம். கணிப்பொறியின் முன் அமர்ந்தால், முதற் சோதனைக்கு உங்கள் தாயின் பெயரைத் தமிழில் தட்டிப் பாருங்கள். அது அந்தப் பக்கம் எழுத்துப் பிசகாமல் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். அதுவரையில் திரை சொல்லும் 'வெற்றி'யை நம்ப வேண்டா.

கணிப்பொறி படித்தவன் தமிழ் படிக்க வந்தது ஏன் என்று இனி யாரேனும் கேட்டால், இந்த மலரைக் கையில் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.